உறை பிரித்த நாள்

இன்ஸ்ப்ரூக், பிப்ரவரி.
பனிமலையில் வெயில் கீழிருந்தும் அடிக்கும்,
மேலே ஒரு சூரியன், சறுக்குத்தடத்தில் நூறு.
சாயங்காலம் எங்கள் ஆய்வுக்கூட வாசலில்
கழுத்துத்துணியை மூக்குவரை ஏற்றியவர்கள் வரிசை:
சறுக்குப் பயிற்சியாளர்கள், கம்பிவண்டி ஓட்டுபவர்,
சனிக்கிழமை கல்யாணம் வைத்திருக்கும் ஒரு பெண்.
இந்த ஊரில் இதற்குக் காய்ச்சல் கொப்புளம் என்று பெயர்.
காய்ச்சலே இல்லாமலும் வரும்.

என் வேலை அளப்பது.
கொப்புளத்தின் நீள அகலம், மில்லிமீட்டரில்.
சிவப்பு எத்தனை, வீக்கம் எத்தனை,
வலி பத்துக்கு எத்தனை.
அளந்து முடித்ததும் ஒரு வெள்ளைக் குழாய்,
பெயர் கிடையாது, எண் மட்டும்.
சிலவற்றில் வைரஸைத் தடுக்கும் மருந்து,
சிலவற்றில் அதோடு கொஞ்சம் ஸ்டீராய்டு,
சிலவற்றில் ஒன்றுமே இல்லை, வழவழப்பு.
எதில் எது என்று எனக்குத் தெரியாது.
பேராசிரியருக்கும் தெரியாது.
தெரியாமல் இருப்பதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம்.

"காவல்காரனைத் தூங்கவைத்துவிட்டா
திருடனைப் பிடிப்பீர்கள்?"
கேட்டவர் எண் நாற்பத்தொன்று,
ரோமெட் கிராஃபொனாரா, தபால்காரர்.
ஊர் பேண்டில் ஃப்ளூகல்ஹார்ன் வாசிப்பவர்,
உதடுதான் அவருக்கு வாத்தியத்தின் பாதி.

நான் சொன்னேன்:
திருடன் காதருகே ஒரு நரம்பு முடிச்சில்
வருஷக்கணக்காகக் குடியிருக்கிறான்,
வாடகை தருவதில்லை.
வெயிலோ சளியோ தூக்கம் கெட்ட இரவோ
ஏதோ ஒரு சாக்கில் உதட்டுக்கு இறங்கி வருகிறான்.
அவன் பின்வாங்கிய பிறகும்
கதவை உடைத்துக்கொண்டிருப்பவன் காவல்காரன்.
அந்தத் தடியைக் கொஞ்சநேரம்
வாங்கி வைத்துக்கொள்ளலாமா,
எப்போது, எவ்வளவு நேரம்,
அவ்வளவுதான் எங்கள் கேள்வி.

"எனக்கு ஞாயிற்றுக்கிழமை வாசிக்கணும்" என்றார்.

கிரெஷென்ஸ் லாட்னர் வந்தது அதற்கடுத்த வாரம்.
பாலாடைக்கட்டிக் கடைக்காரி,
விரல் மூட்டுகள் பட்டாணிபோல் புடைத்தவை.
பதினோரு வருஷமாகக் காலையில் ஒரு ஸ்டீராய்டு மாத்திரை.
கொப்புளம் வந்தால் மூன்று வாரம் போகாது அவளுக்கு.
படிவத்தின் மூன்றாம் பக்கம், ஆறாவது வரி:
ஏற்கெனவே ஸ்டீராய்டு உட்கொள்பவர்களைச் சேர்க்கக்கூடாது.
பேனாவைத் திறந்தேன், மூடினேன்.
"தினமும் அதைத் தின்கிறவள் நான்.
என் உதட்டைப் பற்றி யார் கேட்கப்போகிறீர்கள்?"
நியாயமான கேள்வி.
நியாயமான கேள்விக்கு அந்தப் படிவத்தில் கட்டமில்லை.
அவள் பெயருக்கு எதிரே நான் எழுதியது:
தகுதிபெறவில்லை.
போகும்போது என் மேஜையில் ஒரு காகிதப் பொட்டலம்
வைத்துவிட்டுப் போனாள். நல்ல பாலாடைக்கட்டி.
அதை நான் எந்தப் பதிவேட்டிலும் எழுதவில்லை.

நவம்பரில் உறையைப் பிரித்தோம்.
ஸ்டீராய்டு சேர்த்தவர்களில் சிலருக்குக்
கொப்புளம் உடையாமலே அமுங்கியிருந்தது.
சிலருக்குத்தான்.
பேராசிரியர் அந்தச் "சிலருக்கு" என்ற சொல்லை
ஒரு மணிநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.
அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் அரை வரி:
எதிர்ப்புசக்தி குறைந்தவர்களுக்கு இது பொருந்துமா,
தெரியவில்லை.
அந்த அரை வரிதான் கிரெஷென்ஸ் லாட்னர்.

நாற்பத்தொன்று: வழவழப்பு.

அன்று காலைகூடக் கடிதக்கட்டோடு வந்தவர்
பாதி கெஞ்சலாகக் கேட்டிருந்தார்,
"அந்தக் குழாய் இன்னொன்று கிடைக்குமா?
இரண்டாம் நாளே அடங்கிவிட்டது,
ஞாயிறன்று மேல்ஸ்தாயி பிசிறில்லாமல் போனது."
ஊர் பேண்டு முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறார்,
டிராம்போன் வாசிப்பவர் வேறு என் நம்பரைக் கேட்கிறாராம்.

மறுநாள் வாசலிலேயே சொல்லிவிட்டேன்.
ஒன்றுமில்லை, ரோமெட். ஒன்றுமே இல்லை அதில்.

கையிலிருந்த கடிதங்களைப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார்,
பிறகு சிரித்தார்,
அந்தக் குளிரில், வாய் முழுக்க.
கீழுதட்டின் ஓரம் வெடித்து
ஒரு சொட்டு ரத்தம் எட்டிப்பார்த்தது.

என் கை பழக்கத்தில்
சட்டைப்பையில் அளவுகோலைத் தேடியது.